மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினால்...



அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்பதை வாசனையிலேயே அறிந்துகொள்கிறோம். பிள்ளையின் நெற்றியில் கை வைத்ததும் அது காய்ச்சலா, வெயில் சூடா என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வீட்டுக் காரில் ஒரு சின்ன விளக்கு எரிந்துவிட்டால் மட்டும், "எனக்கு இதெல்லாம் விளங்காது, கராஜ்காரர் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்கியதற்கு என் தங்கை ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபா கொடுக்கவிருந்தாள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டே விடயத்துக்கு வருகிறேன்.

தங்கையின் கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். பிள்ளைகள் இருவரையும் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவதும், மாதத்துக்கு ஒரு தடவை உம்மாவை மாவனல்லையிலிருந்து கண்டிக்குக் கிளினிக் கொண்டுபோவதும் அவள் பொறுப்பு. அதற்கெல்லாம் அவளிடம் இருப்பது ஒரு பழைய கார். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்தது, ஓட்டோ கியர். நம் நாட்டில் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து வருடங்களில் பல வீடுகளில் நடந்ததுதான் இங்கும் நடந்தது. மாற்ற வழியில்லாமல், இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினாள்.

தவணை விடுமுறையில் கார் இரண்டு வாரம் அசையாமல் நின்றது. விடுமுறை முடிந்து எடுத்த முதல் நாளே மீட்டர் பலகையில் "ஓ.டி. ஓஃப்" என்ற மஞ்சள் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. கியர் ஒழுங்காக மாறவில்லை. எஞ்சின் இரைந்ததே தவிர வேகம் ஏறவில்லை. பெரிய வீதியில் பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே அவளைப் பயங்காட்டிவிட்டான். வழியில் இருந்த ஒரு கராஜில் நிறுத்தினாள். அங்கிருந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் முடிவு சொன்னார்: "கியர் பெட்டி முடிஞ்சி. வேற ஒன்டு போடணும். மூணு லட்சத்துக்குக் கிட்ட வரும்."

அன்று இரவு எனக்கு அழைப்பு வந்தது. "தாத்தா, மச்சானுக்கு இன்னும் சொல்லல்ல. அவர் அங்க ஓவர்டைம் செய்து அனுப்புற சல்லி. வளையல் ரெண்டையும் அடகு வெக்கவா?" என்று கேட்டாள். குரல் அடைத்திருந்தது. "ஒரு நாளைக்கு ஒன்டும் செய்யாத. இன்னொருத்தருக்குக் காட்டுவம்" என்றேன். எனக்கும் அப்போது காரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு டொக்டர் ஒப்பரேஷன் என்றால் இன்னொரு டொக்டரிடம் கேட்பதில்லையா, அந்த நினைப்புத்தான்.

எங்கள் ஊரில் பழைய கார்களை மட்டுமே திருத்தும் வயதான நானா ஒருவர் இருக்கிறார். காரை மெதுவாக அவரிடம் கொண்டுபோனோம். அவர் பொனட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"மகள், இது கொஞ்சம் கொஞ்சமா வந்த வருத்தமா, ஒரே நாள்ல வந்ததா?"

"ஒரே நாள்ல நானா. லீவுக்கு முந்தி நல்லா ஓடிச்சி."

"கார் நின்ட இடத்துல ஒயில் சிந்திக் கிடந்திச்சா?"

"இல்ல."

"வேகம் காட்டுற முள் வேல செய்யுதா?"

தங்கை என்னைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்த பதற்றத்தில் அவள் அந்த முள்ளைக் கவனிக்கவேயில்லை. பிறகு நினைவு வந்தது. அன்று காலையிலிருந்தே அது பூச்சியத்தை விட்டு எழும்பவில்லை.

நானா சிரித்தார். கியர் ஒயில் கம்பியை உருவித் துடைத்து வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தார். சிவப்பாகத் தெளிவாக இருந்தது. கருகல் மணம் இல்லை. பிறகு பொனட்டின் கீழ் இருந்த ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, இரண்டு துளைகளுக்கு நடுவே சிறு வயர்த் துண்டு ஒன்றைச் செருகி, சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். அந்த மஞ்சள் விளக்கு இப்போது கணக்கோடு சிமிட்டியது. நான்கு தடவை, சிறு இடைவெளி, இரண்டு தடவை. நீண்ட இடைவெளி. பிறகு ஆறு தடவை, ஒரு தடவை. "42, 61" என்றார் நானா. "வேகத்த அளக்குற சென்சர் ரெண்டும் பேசுதில்ல. ரெண்டு சென்சரும் ஒரே நாள்ல சாகாது மகள். வயரப் பாப்பம்."

காரை உயர்த்திப் பார்த்தபோது கியர் பெட்டிக்கு மேலாகப் போகும் வயர்க் கட்டை எலி கடித்து வைத்திருந்தது. விடுமுறையில் நின்ற இரண்டு வாரமும் எலிக்கு நல்ல இடமாகப் போயிருக்கிறது. வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, டேப் சுற்றி, மேலே ஒரு குழாயும் மாட்டினார். கூலி 2,500 ரூபா. கார் அன்று பின்நேரமே வழமைபோல் ஓடியது.

நடந்தது இதுதான். அந்தக் கியர் பெட்டியை ஒரு சிறு கணினி இயக்குகிறது. கார் என்ன வேகத்தில் போகிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கியர் போடுவது என்று அது தீர்மானிக்கும். ஒரு சென்சர் போனால் மற்றதை வைத்துச் சமாளிக்கும். இரண்டும் போனால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி நின்றுவிடும். கியர் பெட்டிக்கு ஒரு வருத்தமும் இல்லை. கராஜ்காரர் ஏமாற்ற நினைத்தார் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பார்க்காததற்கான விலை நம் வளையல்.

அதன் பிறகு அந்த நானாவிடம் போய், கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

நிறம்தான் முதல் பாடம்

சிவப்பு விளக்கு என்றால் ஆபத்து. பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. வீடு போய்ச் சேரலாம், ஆனால் நாட்களைக் கடத்தக் கூடாது. பச்சையும் நீலமும் தகவல் மட்டுமே.

சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஸ்டார்ட் ஆக முன்னர், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரிய வேண்டிய நேரத்தில் ஒரு விளக்கு எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். எஞ்சின் கோளாறை மறைக்க பல்பையே கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு. விளக்கு எரியவில்லை என்று சந்தோஷப்பட்டு வாங்கினால் பிறகு அழ வேண்டிவரும்.

ஒயில் விளக்கு

சிறிய எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்புப் படம். இது ஒயில் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்வதல்ல. ஒயிலின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று சொல்கிறது. எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது அந்த அழுத்தம்தான். "அடுத்த சந்தி மட்டும் போவோம்" என்று ஓட்டினால், அந்தச் சந்திக்கு முன்னரே எஞ்சின் இறுகிவிடலாம். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சமதரையில் சில நிமிடம் விட்டு ஒயில் கம்பியை உருவிப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் ஒரு கணம் மின்னி மறைந்தால், அநேகமாக ஒயில் குறைந்திருக்கிறது என்பதன் முதல் அறிவிப்பு அது.

பெட்டரி விளக்கு

ஓடும்போது இது எரிந்தால் பெட்டரி பழுது என்று எண்ணி புதிய பெட்டரி வாங்கிவிடாதீர்கள். பெட்டரிக்கு மின் ஏறவில்லை என்பதே அதன் அர்த்தம். ஒல்டனேட்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது அதைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருக்கலாம். பல பழைய கார்களில் அந்த ஒரே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும். பெல்ட் அறுந்திருந்தால் சிறிது நேரத்தில் எஞ்சின் கொதிக்கும். ஆகவே ஓட்டக் கூடாது. பெல்ட் இருந்தால் ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அருகிலுள்ள கராஜ் வரை போகலாம்.

நிற்கும்போது நல்ல பெட்டரியில் 12.6 வோல்ட் அளவும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். ஒரு சின்ன மீட்டரால் அளக்க ஒரு நிமிடம் போதும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மின் குறைந்தால் கணினிகள் உளறத் தொடங்கும். சம்பந்தமில்லாத விளக்குகளும் எரியும். பெட்டரியின் முனையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தாலே இது நடக்கலாம். பெரிய பாகத்தைக் கழற்ற முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடு ஏறினால்

கடுகண்ணாவ ஏற்றத்தில், வெயில் நேரம், காரில் ஆறு பேர், ஏசியும் ஓடுகிறது. சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது. முதல் வேலை ஏசியை நிறுத்துவது. ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகப் போட்டுக் கண்ணாடிகளைத் திறந்துவிடுங்கள். வியர்க்கும்தான், ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் வெளியே வரும். முள் இறங்காவிட்டால், சிவப்பைத் தொட முன்னர் நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் முகத்தில் பாயும். அரை மணி நேரமாவது பொறுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். சட்டி வெடிப்பது போலத்தான்.

பிரேக் விளக்கு

ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் பிரேக் ஒயில் குறைந்திருக்கலாம். பிரேக் கட்டைகள் தேய்ந்தாலும் ஒயில் மட்டம் இறங்கும். ஒயிலை மட்டும் ஊற்றிவிட்டு ஓடாதீர்கள். ஏன் குறைந்தது என்று பாருங்கள். பிள்ளைகள் ஏறும் வாகனம்.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு

எல்லோரையும் குழப்புவது இதுதான். எஞ்சினைக் கண்காணிக்கும் கணினி ஏதோ ஒரு பிழையைக் கண்டு இலக்கம் போட்டுக் குறித்துவைத்திருக்கிறது என்பதே இதன் செய்தி. விளக்கு நிலையாக எரிந்து கார் வழமைபோல் ஓடினால், சில நாட்களுக்குள் காட்டலாம். ஆனால் விளக்கு கண் சிமிட்டி எஞ்சினும் உதறினால், ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியவில்லை என்பதாக இருக்கலாம். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள கற்றலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிப் பழுதாக்கும். வேகத்தைக் குறைத்து, இயன்ற விரைவில் நிறுத்துங்கள். ஒரு பிளக்கின் விலையில் முடிய வேண்டியது பெரிய செலவாகிவிடும்.

அமெரிக்காவில் 1996 இலிருந்து விற்பனையான கார்களுக்கு ஒரே விதமான 16 முள் சொக்கெட்டும், ஒரே விதமான பிழை இலக்கங்களும் கட்டாயமாக்கப்பட்டன. ஸ்கேனர் அந்தச் சொக்கெட்டில்தான் மாட்டப்படுகிறது. ஆனால் ஜப்பானில் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டு நம் நாட்டுக்கு வந்த பழைய கார்களில் அந்தச் சொக்கெட் இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் எல்லா ஸ்கேனர்களோடும் அது பேசும் என்பதில்லை. 1990களின் டொயோட்டா கார்கள் பலவற்றில், டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளைகளை இணைத்தால் விளக்கே இலக்கத்தைச் சிமிட்டிக் காட்டும். நானா செய்தது அதுதான். பிழை எதுவும் இல்லாவிட்டால் விளக்கு நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டும். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். துளை மாறினால் கணினி பழுதாகலாம். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும், கேட்கலாம்.

இன்னொன்று. இலக்கம் சொல்வது வருத்தத்தின் அடையாளத்தை, காரணத்தை அல்ல. "பி0171" என்று வந்தால் எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று பொருள். ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும் அப்படி வரும். அதைப் பார்க்காமல் ஒட்சிசன் சென்சரை மாற்றினால் காசும் போகும், விளக்கும் போகாது. "பி0700" என்றால் கியர் கணினி ஒரு பிழையை வைத்திருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று கைகாட்டுவது மட்டுமே. அது கியர் பெட்டிக்கு மரணச் சான்றிதழ் அல்ல.

கியர் என்ன சொல்கிறது?

ஓட்டோ கியர் பெட்டி அதன் ஒயிலால்தான் உயிர் வாழ்கிறது. அநேகமான பழைய ஓட்டோ கார்களில் அந்த ஒயில் சிவப்பு. தெளிந்த சிவப்பு நல்லது. கபில நிறமாகிக் கருகல் மணம் வீசினால் உள்ளே தட்டுகள் தேய்ந்து எரிந்திருக்கின்றன. ஸ்ட்ரோபெரி பால் போல் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எப்படிக் கலக்கும்? பல கார்களில் கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்து ஓட்டையானால் இரண்டும் கலந்து கியர் பெட்டியையே அழித்துவிடும். ரேடியேட்டரைக் கவனிக்காதவர் ஒரு நாள் கியர் பெட்டிக்கும் காசு கட்டுவார்.

ஒயில் அளவைப் பார்க்கும் முறை காருக்குக் கார் வேறு. டொயோட்டாவில் பொதுவாகக் கார் சூடாகி, சமதரையில், எஞ்சின் ஓடும்போதே "பி" யில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். கையேட்டில் உள்ள ஒயில் வகையைத் தவிர வேறு ஊற்றாதீர்கள்; சிவிடி கியர் பெட்டிக்கு அதற்குரிய ஒயில் மட்டுமே. கியர் ஒயில் எரிந்து தீருவதில்லை. குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

வேறு அடையாளங்களையும் மனதில் வையுங்கள். காலையில் "டி" யில் போட்டதும் கார் இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு உதறி இழுத்தால், ஒயில் அழுத்தம் பிந்தி ஏறுகிறது. எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாவிட்டால் தட்டுகள் வழுக்கலாம். சீராக ஓடும்போது கரடுமுரடான ரோட்டில் போவது போல் நடுங்கினால் டோர்க் கொன்வேர்ட்டரில் கோளாறு இருக்கலாம். இவை மாதக்கணக்கில் மெல்ல வளர்பவை. ஒரே நாளில் வந்த கோளாறு என்றால் வயர், பியூஸ், சென்சர் போன்றவற்றை முதலில் சந்தேகியுங்கள். நானா கேட்ட முதல் கேள்வியின் பொருள் இதுதான்.

கைக் கியர்க் காரில் ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் கார் இழுக்காவிட்டால் கிளச் தட்டுத் தேய்ந்திருக்கலாம். கியர் விழ மறுத்தால் கிளச் கேபிளையோ கிளச் ஒயிலையோ முதலில் பாருங்கள்.

ஓட்டோ கார் நடுவழியில் நின்றால், இழுக்கும் சக்கரங்கள் ரோட்டில் உருளக் கட்டி இழுக்க விடாதீர்கள். அநேகமான சிறிய கார்களில் முன் சக்கரமே இழுக்கும் சக்கரம். எஞ்சின் ஓடாதபோது கியர் பெட்டிக்குள் ஒயில் சுற்றாது. நல்ல கியர் பெட்டியும் பழுதாகும். முன்பக்கத்தைத் தூக்கியோ, லொறியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

கராஜில் நின்று கேட்க வேண்டியவை

"பிழை இலக்கம் என்ன? எழுதித் தாங்க" என்று கேளுங்கள். அதை அழிக்கவோ பெட்டரி வயரைக் கழற்றவோ முன்னர் கேளுங்கள். பழைய கார்கள் பலவற்றில் பெட்டரியைக் கழற்றினாலே இலக்கம் மறைந்துவிடும். "கியர் ஒயிலை என் கண் முன்னே காட்டுங்க" என்று கேளுங்கள். "வயரையும் பியூஸையும் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பெரிய தொகை என்றால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். இரண்டாவது ஆளுக்குக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்கமாட்டார். கேள்வி கேட்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவரிடம் காரை விடத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒயில் கருகி, அதில் இரும்புத் தூள் மின்னினால், கராஜ்காரர் சொல்வது சரியாகவே இருக்கலாம். அப்போது செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் தெரிந்து செய்யும் செலவு வேறு, பயந்து செய்யும் செலவு வேறு.

தங்கையின் காரில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. எந்த விளக்கு, எந்தத் திகதி, ஏற்றத்திலா சமதரையிலா, கார் சூடாகவா குளிராகவா, வேகமுள் என்ன காட்டியது என்றெல்லாம் அதில் எழுதிவைக்கிறாள். கார் இரண்டு நாளைக்கு மேல் நின்றால் பொனட்டைத் திறந்து எலி வந்து போயிருக்கிறதா என்றும் பார்க்கிறாள். போன மாதம் உம்மாவைக் கண்டிக்குக் கொண்டுபோனபோது ஒயில் விளக்கு வளைவில் ஒரு கணம் மின்னியிருக்கிறது. நிறுத்தி, கம்பியை உருவிப் பார்த்து, அரை லீட்டர் ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

"பயப்பட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா, உம்மாதான் பயந்தா. நான் விளங்கப்படுத்தினேன்" என்றாள்.

அவள் கையை அசைத்துச் சொன்னபோது வளையல் இரண்டும் சத்தமிட்டன.